மஞ்சள் மூடி

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். பாயிண்ட் குக்கில் புதிதாக வீடு கட்டிக் குடியேறியிருந்த என் அலுவலக அண்ணன், அவர் மனைவி, கிளேட்டனில் என்னோடு வீட்டைப் பகிர்ந்திருந்த யாழ்ப்பாணத்து நண்பன், நான். இல்லாதவர் ஒருவர்தான், என் அப்பா. அந்த நேரத்துக்கு அவர் விருதுநகரில் ஒரு மண்டியில் மல்லி மூட்டை தூக்கிக்கொண்டிருந்திருப்பார். ஆனால் அன்று மாலை அதிகம் பேசப்பட்டது அவரைப் பற்றித்தான். பேசினார்கள் என்பதைவிடச் சிரித்தார்கள் என்று சொல்வதே சரி.

ஈஸ்டர் விடுமுறையின் கடைசி நாள். மெல்பர்னில் ஜூலை வந்தால் குளிர் எலும்புக்குள் இறங்கிவிடும். அந்த மாதத்தில் எங்காவது வெயிலுக்கு ஓடிவிட வேண்டும் என்று அண்ணன் முடிவு செய்திருந்தார். பாலிக்கும் ஃபிஜிக்கும் எல்லோரும் போகிறார்கள், நாம் ஸ்பானிஷ் பேசும் கடலோர நாடுகளாகப் பார்த்துப் போவோம் என்றார். ஈக்குவடாரில் இறங்கி, கொலம்பியா, பனாமா என்று மேலே ஏறி, மெக்சிகோவின் கிழக்குக் கரையில் முடிப்பதாகத் திட்டம். வரவேற்பறைத் தொலைக்காட்சியில் வரைபடத்தை விரித்து, ரிமோட்டால் கடற்கரைகளைச் சுட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கென்னப்பா, கங்காரு பாஸ்போர்ட்டு. எங்க வேணா நடந்து போவீங்க" என்றார் என் நண்பனிடம்.

"ஓம் அண்ணை. ஆனா நண்டுக் கறி இருக்கிற இடமா மட்டும் பாருங்கோ. மற்றதெல்லாம் உங்கட விருப்பம்."

அண்ணிக்குத் தண்ணீர்ச் சறுக்கு உள்ள விடுதி வேண்டும். நண்பனுக்கு நண்டு. அண்ணனுக்குப் படங்கள். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. எங்கள் வீட்டில் யாரும் ஒரு ஊருக்குச் சும்மா போனதில்லை. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, நேர்த்திக்கடன், வேலை. பள்ளிக்கூடம் போன முதல் ஆளான நானும் மெல்பர்னுக்குப் படிக்கத்தான் வந்தேன். ஒரு கடலைப் பார்க்க மட்டும், திரும்பி வந்து யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லாமல், சும்மா போய் நிற்க வேண்டும். அந்த ஆசையை நான் வாயைத் திறந்து சொன்னால் அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு அண்ணன் டிக்கெட் பதிய உட்கார்ந்தார். தன்னுடையதையும் அண்ணியுடையதையும் மளமளவென்று தட்டினார், யாருக்கும் காட்டவில்லை. நண்பனுடையது முடிந்தது. என்னுடையதை விரித்ததும் நிறுத்தினார்.

"டேய், உனக்கு சர்நேமே இல்லையேடா."

"இல்லண்ணா. இனிஷியல் மட்டுந்தான். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டாங்க."

"காலியா விட்டா இவன் டிக்கெட் போட விடமாட்டேங்குறான். இரு, அப்பா பேரப் போட்டுப் பாப்போம்."

கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். ஒருமுறை வாய்க்குள் படித்தார். ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி மூன்றாவது தடவை.

"ஏய், இங்க வாயேன். இவன் அப்பா பேரக் கேளு."

என் அப்பா பெயரின் பொருள் குப்பை. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதில் வரும் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. ஒருவர் அப்பா பெயரை நாலு பேர் நடுவில் படித்துக் காட்டுவது அந்த அண்ணனின் வேலை, அதை அவருக்கே விட்டுவிடுகிறேன்.

"நம்ம கவுன்சில்காரன் மூணு குப்பைத் தொட்டி குடுத்திருக்கான்ல" என்றார் அண்ணன். "இவன எதுல போடுறது? சிவப்பு மூடியா, பச்சை மூடியா?"

"சும்மா இருங்க நீங்க" என்றார் அண்ணி. ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"இல்லல்ல, இரு. இவந்தான் படிச்சு வேலைக்கு வந்துட்டானே. ரீசைக்கிள் ஆயிட்டாண்டா. மஞ்சள் மூடி."

நன்றாக வந்துவிட்ட நகைச்சுவையைச் சொன்னவர்களே ரசிப்பார்களே, அப்படித் தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த வேலைக்கு என்னைப் பரிந்துரைத்தவர் அவர். நேர்முகத்துக்குப் போட்ட கோட்டும் அவருடையதுதான். அவர் சிரிக்கும்போது கூடச் சிரிப்பது இரண்டு வருடமாக என் வாய்க்குப் பழகியிருந்தது.

"அண்ணை, டிக்கெட் விலை ஏறுது, கெதியாப் பாருங்கோ" என்று நண்பன்தான் பேச்சை மாற்றினான்.

கிளம்பும்போது அண்ணன் வாசல்வரை வந்தார். மறுநாள் குப்பை லாரி வரும் நாள் போலிருக்கிறது.

"டேய், போற வழியில அந்த மஞ்சள் மூடியையும் ரோட்டோரம் தள்ளிட்டுப் போயிடு. உனக்குச் சொந்தக்காரன்தானே."

தள்ளினேன். சக்கரம் காங்கிரீட்டில் கடகடவென்று உருண்டது. உள்ளே காலி பாட்டில்கள் குலுங்கின. எதிர்வீட்டு வெள்ளைக்காரர் தன் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எனக்குக் கை காட்டினார். நானும் காட்டினேன்.

நண்பன் காரை வெஸ்ட் கேட் பாலத்துக்கு விட்டான். ஏறியதும், "ஏன் மச்சான் ஒண்டும் சொல்லாமல் இருந்தனி?" என்றான்.

"வேலை வாங்கிக் குடுத்தவரு."

"வேலை வாங்கித் தந்தவர் எண்டால், கொப்பரையும் சேத்து வாங்கினவரோ?"

கொப்பர் என்றால் உன் அப்பா என்று அர்த்தம். அவனோடு இருந்து பழகியதில் எனக்குத் தெரியும். பாலத்துக்குக் கீழே துறைமுகத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்போது எனக்குள் ஒன்று முடிவாகிவிட்டிருந்தது, என்ன செய்வது என்பது மட்டும் முடிவாகவில்லை.

அப்பாவுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதாக வந்தவரைக் குப்பை மேட்டில் போட்டுப் புரட்டி, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக் கொடுக்க, வேண்டாத பொருளை வாங்குவதுபோல வாங்கினார்களாம். எமன் வந்து பெயரைக் கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போகட்டும் என்று அந்தப் பெயரை வைத்தார்கள். எமன் திரும்பிப் போனான். பாயிண்ட் குக்காரர்தான் போகவில்லை.

அந்தப் பெயரை எழுத அப்பா கற்றுக்கொண்டது எனக்காக. கல்விக் கடன் விண்ணப்பத்துக்குக் கைநாட்டு வைக்கலாம் என்று வங்கியில் சொன்னார்கள். "எம் மகன் வெளிநாட்டுல படிக்கப் போறான், நான் நாட்டு வச்சா அங்க அவனுக்குக் கொறச்சல்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மண்டியில் மூட்டைக்கு மார்க்கா போடும் மையும் தூரிகையும் இருக்கும். கிழிந்த சாக்குகளில் அதை வைத்து எழுதிப் பழகினார். ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாண் உயரம். அப்புறம் அதைப் பேனாவுக்குள் சுருக்க அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்து கோட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் வழிந்து நிற்கும்.

இந்தப் பெயர்தான் தொடையைத் தட்டிச் சிரிக்கும் விஷயமாக ஆனது. அதோடு விட்டிருந்தாலும் ஒருவேளை நான் விழுங்கியிருப்பேன். செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் அண்ணன், "என்ன மஞ்சள் மூடி, காபி?" என்றார். ஒரு வாரத்தில் அது என் பெயர் ஆனது. எங்கள் டீம் லீடர் ஆஸ்திரேலியப் பெண்மணி, அது என்ன சொல் என்று உணவறையில் கேட்டார். அண்ணன் ஆங்கிலத்தில் விளக்கினார். பெயர், பொருள், தொட்டி, மூடியின் நிறம், ரீசைக்கிள், எல்லாம். அந்த அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, கால் இடறி விழுந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத்தான் நான் அண்ணனை மன்னிக்கவே மாட்டேன் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

டிக்கெட்டில் அப்பா பெயர் செல்லாது என்று, சர்நேம் இடத்திலும் என் பெயரே, இரண்டு தடவை அச்சாகி வந்தது. தூரத்தில் போகிறவனை யாரோ இரண்டு தடவை கூப்பிட்டதுபோல இருந்தது. அதற்கே விமான நிறுவனத்தோடு ஒரு மதியம் முழுக்கப் பேச வேண்டியிருந்தது.

பயணத்துக்காக ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கினேன். வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் வாரம் ஒரு மாலை வகுப்பு, இலவசம். கொலம்பியாக்காரப் பெண் ஒருத்தி நடத்தினாள், எங்கள் வயதுதான். தமிழ் மாதிரியே எழுதியதை எழுதியபடி படிக்கலாம் என்பது எனக்கு முதல் ஆறுதல். ஆங்கிலம் என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. இந்த மொழி என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் எல்லோரும் தங்களைச் சொல்லிக்கொள்ள வேண்டும். அவள் ஊரில் ஒருவருக்குத் தன் பெயர், அதற்குப் பின் அப்பா வழிப் பெயர், அதற்குப் பின் அம்மா வழிப் பெயர், மூன்றும் உண்டு. "அபெயிதோ" என்பது அந்தக் குடும்பப் பெயர். முதல் அபெயிதோ அப்பா தருவது. அலுவலகங்களில் ஆளை அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், சொந்தப் பெயரை வீட்டில்தான் கேட்கலாம் என்றாள் அவள். என் முறை வந்தது. என் பெயரைச் சொன்னேன், அப்பா பெயரைச் சொன்னேன், அம்மா பெயரைச் சொன்னேன். அப்பா பெயர் அவள் வாயில் சரியாக வரவில்லை. இரண்டு தடவை திருத்திக் கேட்டு, மூன்றாவது தடவை அழுத்தம் திருத்தமாகச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சிரித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

மே மாதம் விசா வேலை வந்தது. நண்பனுக்குத் தேவையில்லை. எங்கள் மூவருக்கும் மூன்று நாடுகள் இணையத்திலேயே முடிந்தன. முதலில் இறங்க வேண்டிய நாட்டுக்கு மட்டும் சிட்னியில் உள்ள துணைத் தூதரகத்துக்கு நேரில் போக வேண்டும். விண்ணப்பம் முழுக்க ஸ்பானிஷ். நான் நிரப்பித் தருகிறேன் என்று சொன்னேன்.

"பாத்தியா, மஞ்சள் மூடி எதுக்காவது உபயோகப்படுது" என்றார் அண்ணன்.

பாஸ்போர்ட் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியது அண்ணி. அலுவலகத்தில் அண்ணனுக்கு இரண்டு சொல் பெயர். முதல் சொல் கூப்பிட, இரண்டாவது சொல் சர்நேம். மின்னஞ்சலிலும் கழுத்து அட்டையிலும் அப்படித்தான். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த இரண்டும் சேர்ந்து அவருடைய ஒரே பெயர். நீளமான தன் பெயரை நடுவில் வெட்டி, பின்பாதியை சர்நேமாக நிறுத்தியிருக்கிறார். உண்மையான சர்நேம் கட்டத்தில் அவர் அப்பா பெயர் இருந்தது. அந்தப் பெயரின் பொருள் பிச்சை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மறுபடியும் பெரிதாக்கினேன். என் அப்பாவை மண்ணில் புரட்டியதுபோல, அவர் அப்பாவுக்காக யாரோ மடியேந்திப் போயிருக்கிறார்கள். அதே பயம், அதே எமன், அதே தந்திரம். இவர் அதை வெட்டிக் கீழே போட்டுவிட்டு, என்னுடையதைப் பார்த்துத் தொடையைத் தட்டியிருக்கிறார்.

நண்பனிடம் காட்டினேன். விசில் அடித்தான்.

"குரூப்பிலை போடு மச்சான். இண்டைக்கே போடு."

"போட மாட்டேன்."

"பின்னை?"

"கூப்பிடுவாங்க. அந்தப் பேரைச் சொல்லி சத்தமாக் கூப்பிடுவாங்க. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். அவரு எந்திரிச்சு நிக்கணும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"படிச்ச ஆக்களுக்குப் பழிவாங்கவும் விண்ணப்பம் நிரப்ப வேணும் போலை" என்றான்.

அவ்வளவுதான் என் திட்டம். அவர் விண்ணப்பத்தில் நான் ஒரு எழுத்தும் பிசகவில்லை. முதல் அபெயிதோ என்ற கட்டத்தில் பாஸ்போர்ட்டில் இருந்ததை இருந்தபடியே நிரப்பினேன். எனக்கு சர்நேம் காலி என்பதால் தகப்பன் பெயரை எழுதச் சொல்லியிருந்தார்கள், அதையும் எழுதினேன். கையெழுத்துக்கு நீட்டியபோது அவர் படித்தே பார்க்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு காலை சிட்னியில் இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ரயிலில் போகும்போது, நியாயத்துக்கு ஒரு வார்த்தை சொன்னேன். அதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

"அண்ணா, அங்க சர்நேம் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாம்."

"உனக்குத்தான் சர்நேமே கிடையாதேடா. உன்ன எப்படிக் கூப்பிடுவான், மூடியத் தட்டியா?"

அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் பங்குக்கு எச்சரித்தாகிவிட்டது.

தூதரகம் ஒரு கட்டடத்தின் மேல் மாடியில் இருந்தது. சின்னக் கூடம், ஓரமாகத் தண்ணீர்க் குடுவை, சுவரில் அவர்களுடைய கடற்கரைப் படம் ஒன்று. தென்னையெல்லாம் நம் தென்னைதான். எங்களைத் தவிர இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். நண்பகலுக்கு மூடிவிடுவார்கள் என்று கதவிலேயே எழுதியிருந்தது. நடுவயதுப் பெண்மணி ஒருவர் கோப்போடு வாசலில் வந்து நின்று, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

அண்ணியின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கணவர் பெயர். அதனால் முதலில் "செஞ்ஞோரா", அதாவது திருமதி, என்று சொல்லி அண்ணனின் முழுப் பெயரைக் கூப்பிட்டார் அந்தப் பெண்மணி. சட்டென்று அண்ணன் எழுந்துவிட்டார். "இல்லை, அந்த அம்மா" என்று அவர் கை காட்ட, அண்ணி உள்ளே போனார். அண்ணன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். தன் பெயர் என்றால் எவ்வளவு வேகமாக எழுகிறார் என்று நான் கவனித்துக்கொண்டேன்.

கதவு சாத்தியது. போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார் அண்ணன். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துக்குக் காத்திருப்பவன் போல இருந்தேன் என்று சொன்னால் தப்பில்லை.

பெண்மணி மறுபடியும் வந்தார். "செஞ்ஞோர்" என்றார். அடுத்து அந்தப் பெயர். எழுத்து எழுத்தாக, எதையும் விழுங்காமல், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல.

அண்ணனின் கட்டைவிரல் திரையில் நின்றுவிட்டது.

அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன், அவருக்குக் கேட்டது. தலையை நிமிர்த்தவில்லை. விரல் மட்டும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கண் மட்டும் என் பக்கம் வந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறைக்கவில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், எழுந்திருங்கள் என்றுதான் அந்தப் பார்வை.

பெண்மணி இரண்டாவது தடவை கூப்பிட்டார், இன்னும் சத்தமாக.

அண்ணன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினார். அது அவிழவே இல்லை.

எழுந்து நான்கு எட்டு வைத்தால் போதும். என் ஒருவனைத் தவிர அந்தக் கூடத்தில் யாருக்கும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. ஸ்பானிஷ்காரர்களுக்கு அது வெறும் அபெயிதோ. நான் இருந்தேன் என்பதுதான் அவருக்குப் பிரச்சினை. எழுந்தால் அந்தப் பெயர் அவருடையது என்று ஆகிவிடும், அவர் படித்துப் படித்துச் சிரித்த பெயருக்கு அது பக்கத்து வீடு என்றும் ஆகிவிடும்.

மூன்றாவது தடவை. ஷூவின் இரண்டாவது கயிறு.

பெண்மணி உதட்டைப் பிதுக்கிவிட்டு அந்தக் கோப்பை அடியில் வைத்தார். அடுத்ததைப் பிரித்தார். "செஞ்ஞோர்" என்று சொல்லி என் அப்பா பெயரைக் கூப்பிட்டார்.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. "பிரெசெந்தே" என்றேன். வகுப்பில் சொல்லிக் கொடுத்த சொல், 'உள்ளேன் ஐயா' மாதிரி. கேட்க வேண்டியவருக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

உள்ளே கைரேகை எடுக்கும்போது அந்தப் பெண்மணி கேட்டார், முன்னால் கூப்பிட்டும் வராதவர் உங்களோடு வந்தவரா, தெரியுமா என்று. தெரியாது என்றேன். அந்தப் பெயருக்குரியவரை நான் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.

நான் வெளியே வந்தபோது அண்ணன் கண்ணாடித் தடுப்பருகே நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். தன்னைக் கூப்பிடவே இல்லை என்றார். கூப்பிட்டோம், மூன்று முறை, யாரும் வரவில்லை என்றார் அந்தப் பெண்மணி, பொறுமையாக. இன்றைக்கு நேரம் முடிந்தது. அடுத்த நேரம் ஆகஸ்டில்தான் இருக்கிறது. எங்கள் விமானம் ஜூலையில்.

அண்ணி ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஏங்க, மாமா பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்களே. உள்ள எனக்கே கேட்டுச்சு. நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"எனக்குக் கேக்கல" என்றார் அண்ணன்.

"மூணு தடவ கூப்பிட்டாங்கங்க."

"கேக்கலன்னு சொல்றேன்ல."

மின்தூக்கியில் இறங்கினோம். கீழே சாலையோரக் காபிக் கடையில் உட்கார்ந்தோம். விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அண்ணன் கடைக்கு வெளியே போய் யாரோ பயண முகவரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். அண்ணி காபியைக் கலக்கிக்கொண்டே, என்னிடம் என்பதுபோலவும் தனக்குத்தானே என்பதுபோலவும் பேசினார்.

"மாமாவுக்கு முன்னாடி பொறந்ததுங்க ரெண்டும் தங்கலையாம் தம்பி. மாமா பொறந்தப்ப மடிப்பிச்சை எடுத்து வச்ச பேரு. அவ்வளவு பெரிய மனுசன், இன்னும் அந்தப் பேரச் சொல்லித்தான் தன்னை யாருன்னு சொல்லிக்குவாரு. இவருக்குத்தான் என்னமோ வெளிய சொல்ல மாட்டேங்குறாரு."

அந்த நேரத்துக்காக நான் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். ஈஸ்டரிலிருந்து பழகி வைத்தது. அதில் தொட்டி இருந்தது, மூடி இருந்தது, நிறம் இருந்தது. அண்ணன் போனை அணைத்துவிட்டு உள்ளே வந்து உட்காரும்வரை காத்திருந்தேன். அவர் வந்ததும் அதைவிட நல்லது ஒன்று வாயில் வந்தது.

"நல்ல பேரு அண்ணி" என்றேன். "எங்கப்பாவுக்கும் இதே கதைதான். அவருக்கு முன்னாடி மூணு."

அண்ணியின் கரண்டி நின்றது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். ஈஸ்டர் மாலை அவர் சமையலறையிலிருந்து வந்து நின்று கேட்டதும் சிரித்ததும் ஒவ்வொன்றாக அந்த முகத்தில் திரும்பி வந்தன. அண்ணனை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. மேசைக்குக் கீழே அவர் ஷூக்கள் தெரிந்தன. நன்றாகக் கட்டியிருந்தார்.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் யாரும் என்னை மஞ்சள் மூடி என்று கூப்பிடவில்லை. அண்ணன் என்னை முழுப் பெயர் சொல்லி, 'நீங்க' போட்டுப் பேசத் தொடங்கினார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. கோட்டை மட்டும் சலவைக்குக் கொடுத்து, அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலையில் நானும் நண்பனும் போனோம். அவன் நான்கு நாட்டிலும் நண்டு சாப்பிட்டுவிட்டு, தங்கள் ஊர் நண்டுக்கு இது கிட்டவும் வராது என்று தீர்ப்புச் சொன்னான். கடைசியாகத் தங்கிய விடுதியில் அபெயிதோவாக அப்பா பெயரை எழுதிக் கொடுத்திருந்தேன், வரவேற்பு மேசைப் பையன் தினமும் காலையில் என்னை அப்பா பெயர் சொல்லி அழைத்து வணக்கம் வைத்தான். நான் அவனுக்குப் பதில் வணக்கம் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய் நின்றேன். எதற்கும் இல்லை. சும்மாதான். அப்பாவுக்குப் போன் போட்டு அலைச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். "அங்க உனக்கு என்ன வேலை?" என்றார். ஒரு வேலையும் இல்லை என்றேன். "சரி, அப்ப இரு" என்றார்.

பாயிண்ட் குக்கில் அந்த மாதம் முழுக்க மழை என்று கேள்விப்பட்டேன். பயணக் காப்பீட்டில் பணத்தைத் திரும்பக் கேட்டு அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நிறுவனம் ஒரே ஒரு கேள்வி கேட்டது. பெயர் அழைக்கப்பட்டபோது விண்ணப்பதாரர் ஏன் போகவில்லை. அண்ணி தொலைபேசியில் என்னிடம் சொன்னார், குரலில் கோபம் இல்லை, என்மேல் இருந்திருந்தாலும் அதை அவர் காட்டவில்லை. "அவரு அந்தக் கட்டத்தக் காலியா விட்டே அனுப்பிட்டாரு தம்பி. தள்ளுபடி பண்ணிட்டாங்க." காலிக் கட்டம் எனக்குப் புதிதில்லை. அதோடு ஊர் ஊராக நான் போய்விட்டு வந்திருக்கிறேன்.

டிக்கெட்டும் விடுதிகளும் எல்லாம் சேர்த்து எவ்வளவு போச்சு அண்ணி என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லைதான். கேட்க வேண்டும் என்று இருந்தது.

பதினோராயிரத்து இருநூற்று நாற்பது டாலர்.